கம்பியில்லா மோடெமும் லினக்ஸ் கணினியும்

கைக்கெட்டியது வாய்க்கெட்டாது போவதுண்டு என்பது உலக வழக்கு. விரலளவான கம்பியில்லா மோடெம் ஒன்றை லினக்ஸ் கணினியின் யூ.எஸ்.பி. வாயிலிற் செருகிய பலர் இவ்வழக்கின் பொருளை நேரே அறிந்தவராவர். மோடெத்தின் சிறுவிளக்கு ஒளிர்கின்றது. உள்ளே சிம் அட்டை உளது. தொலைபேசிக் கோபுரமும் அண்மையிலேயே நிற்கின்றது. ஆயினும் இணையம் வரக் காணோம். அதற்கு மாறாகத் திரையிலே ஒரு குறுந்தட்டின் சின்னம் தோன்றுகின்றது. அதனைத் திறந்து பார்த்தால், விண்டோஸ் இயங்குதளத்துக்கென ஆக்கப்பட்ட மென்பொருட் கோப்புக்களே அங்குக் காணப்படுகின்றன.

இந்நிலையில், மோடெம் பழுதுபட்டது என்றோ, லினக்ஸ் இதற்கு உதவாது என்றோ முடிவு செய்து அதனை மூலையிற் போட்டவர் சிலரல்லர். பழைய கணினியொன்றையும் இத்தகைய மோடெம் ஒன்றையும் அன்றி வேறு வசதி அற்ற மாணவனுக்கு அம்முடிவு சிறிய இழப்பன்று. நூல்நிலையங்களின் கதவே அவனுக்கு மூடப்பட்டதாகின்றது. ஆனால் அவ்விரு முடிபுகளும் பெரும்பாலும் பிழையானவை. மோடெம் பழுதுபடவில்லை, தான் மோடெம் என்பதனை அஃது இன்னும் வெளியிடவில்லை. அதனை வெளியிடச் செய்யும் வழி யாது, அவ்வழி எவ்வாறு கண்டறியப்பட்டது, அதன் பின்னும் இணைப்பு வாராதாயின் குறையை எம்முறையில் தேடுதல் வேண்டும் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயங்குதளமும் இயக்கியும்

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் என்பவர் 1991 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், தாம் ஓர் இயங்குதளத்தை ஆக்கி வருவதாக அறிவித்தார். அதுவே பின்னர் லினக்ஸ் எனப் பெயர் பெற்றது. ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்னும் அமெரிக்கர் 1983 இல் அறிவித்த குனூ என்னும் திட்டத்தின் கருவிகள் அதனோடு சேர்ந்தன. 1992 இல் லினக்ஸ் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம்.

இயங்குதளம் எதுவாயினும், ஒவ்வொரு கருவியோடும் பேசுதற்கு அதற்கு ஓர் இடையாள் வேண்டும். அவ்விடையாளையே இயக்கி என்பர். அச்சுப்பொறிக்கு ஓர் இயக்கி, ஒலிக்கருவிக்கு ஓர் இயக்கி என இவை பலவாம். மோடெம் செய்யும் நிறுவனங்களுட் பல, விண்டோஸ் பாவிப்போர் தொகையிற் கூடியவர் என்னும் காரணத்தால், தம் இயக்கிகளை விண்டோஸுக்கென்றே எழுதின. லினக்ஸுக்கு வேண்டிய இயக்கிகளைப் பெரும்பாலும் தன்னார்வலரும், லினக்ஸைச் சார்ந்து தொழில் நடத்தும் நிறுவனத்தாரும் எழுத நேர்ந்தது.

எந்தக் கருவிக்கு எந்த இயக்கி என்பதனைக் கணினி எங்ஙனம் அறிகின்றது? 1996 இல் முதன்முதலாக வகுக்கப்பட்ட யூ.எஸ்.பி. முறை இதற்கு ஓர் எளிய விடை கூறுகின்றது. இம்முறைப்படி ஒவ்வொரு கருவியும் செருகப்பட்டவுடன் இரண்டு எண்களைத் தெரிவித்தல் வேண்டும். ஒன்று செய்தவரைக் குறிக்கும் எண். மற்றையது பொருளைக் குறிக்கும் எண். இவை பதினாறை அடியாகக் கொண்ட முறையில் நான்கு நான்கு இடங்களாக எழுதப்படும். ஹூவாவே நிறுவனத்தின் எண் 12டி1, இசட்.ரீ.ஈ. நிறுவனத்தின் எண் 19டி2. ஊர்ப்பெயரும் வீட்டுப்பெயரும் கூறி ஒருவர் தம்மை அறிமுகஞ் செய்தல் போல்வது இது. கேர்னல் எனப்படும் லினக்ஸின் உட்கரு இவ்வெண்களையும், கருவி தன் வகையைப் பற்றிக் கூறுவனவற்றையும் நோக்கித் தக்க இயக்கியை அமர்த்துகின்றது.

ஒரு பொருள், இரு முகம்

இனி, குறுந்தட்டின் சின்னம் தோன்றுவதேன் என்பது ஆராயற்பாலது. முன்னாளில் மோடெம் வாங்குவோர்க்கு அதன் மென்பொருள் அடங்கிய குறுந்தட்டொன்று தனியாக வழங்கப்பட்டது. தட்டுத் தொலைந்தாற் கருவி பயனற்றதாகும். பல சிறு கணினிகளிற் குறுந்தட்டு வைக்கும் பெட்டியும் இல்லை. ஆகவே அத்தட்டின் உள்ளடக்கத்தை மோடெத்தினுள்ளேயே அடக்கிவிடும் உபாயம் கையாளப்பட்டது. செருகியவுடன் அக்கருவி தன்னை ஒரு குறுந்தட்டுப் பெட்டியாகக் காட்டும். விண்டோஸ் அதனுள் இருக்கும் மென்பொருளை நிறுவும். நிறுவப்பட்ட மென்பொருள் கருவிக்கு ஒரு மறைவான செய்தியை அனுப்பும். அச்செய்தி பெற்றதும் கருவி தன் குறுந்தட்டு வேடத்தைக் களைந்து மோடெமாக வெளிப்படும்.

விண்டோஸ் பாவிப்பவர்க்கு இஃது உதவியே. லினக்ஸ் பாவிப்பவர்க்கோ இதுவே தடை. செய்தி அனுப்ப வேண்டிய மென்பொருள் லினக்ஸில் இயங்காது. செய்தி வாராமையாற் கருவியும் வேடம் களையாது. கேர்னல் அதனைக் குறுந்தட்டென்றே கொண்டு, சேமிப்புக் கருவிகளுக்குரிய இயக்கியை அமர்த்துகின்றது. கருவி கூறியதைக் கேர்னல் நம்பியது. அதில் அதன் பிழை ஒன்றுமில்லை.

உதாரணமாக ஹூவாவே ஈ 1550 என்னும் மோடெத்தைக் கொள்ளலாம். அது செருகப்பட்டபோது 12டி1 : 1446 என்னும் எண்களைக் கூறும். இது குறுந்தட்டு முகம். வேடம் மாறிய பின்னர் அதே கருவி 12டி1 : 1001 என்று கூறும். இது மோடெம் முகம். செய்தவர் எண் மாறவில்லை. பொருளெண் மட்டும் மாறியுள்ளது. முனையத்தில் எல், எஸ், யூ, எஸ், பி என்னும் எழுத்துக்களாலான கட்டளையை இட்டால், செருகப்பட்டுள்ள கருவிகள் யாவற்றின் எண்களும் வரிசையாகத் தோன்றும். அவ்வரிசையில் 1446 காணப்படின் கருவி இன்னும் வேடம் களையவில்லை என்றும், 1001 காணப்படின் முதற்றடை நீங்கிற்று என்றும் துணியலாம். பிற மோடெங்களுக்கு எண்கள் வேறுபடும், முறை வேறுபடாது.

முப்பத்தொரு பைற்றுச் செய்தி

அம்மறைவான செய்தி யாது? செய்த நிறுவனத்தார் அதனை வெளியிட்டிலர். ஆயின் யூ.எஸ்.பி. வாயிலாகச் செல்லும் செய்திகளைப் பதிவுசெய்யும் மென்பொருள்கள் உள. ஆர்வமுள்ளோர் மோடெத்தை விண்டோஸ் கணினியில் இணைத்து, அது வேடம் மாறும் வேளையிற் சென்ற செய்திகளைப் பதிந்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். பின்னர் அச்செய்தியையே லினக்ஸிலிருந்து அனுப்பிப் பார்த்தனர். கருவி உடன்பட்டது.

ஈ 1550 முதலிய பல ஹூவாவே மோடெங்களுக்கு இவ்வாறு அறியப்பட்ட செய்தி 31 பைற் நீளமுடையது. அதன் முதல் நான்கு பைற் 55, 53, 42, 43 என்பன. இவை யூ, எஸ், பி, சீ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களின் குறியீட்டெண்களாகும். சேமிப்புக் கருவிக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு கட்டளையும் இந்நான்கெழுத்து முத்திரையோடே தொடங்கல் வேண்டும் என்பது விதி. அடுத்த நான்கு பைற் அனுப்புவோர் தம் வசதிக்காக இடும் அடையாளம். ஆதலின் அங்கே 12, 34, 56, 78 என இட்டாலும் குற்றமில்லை. எஞ்சியவற்றிலே கட்டளை அடங்கும். வேறு சில மோடெங்களுக்கு இத்தனை நீண்ட செய்தியும் வேண்டியதில்லை. குறுந்தட்டை வெளியே எடுக்கும் பொதுக்கட்டளையை இட்டாலே அவை வேடம் களைந்துவிடும்.

இவ்வாறு பலரும் கண்டறிந்த செய்திகளை ஒருங்கு சேர்த்து, கருவிக்கேற்ற செய்தியைத் தானே தேர்ந்து அனுப்பும் மென்பொருளை ஜோசுவா டீற்சே என்பவர் ஆக்கினார். அதற்கு யூ.எஸ்.பி. மோட்சுவிச் என்று பெயர். அதனோடு இணைந்த தரவுப் பொதியில் நூற்றுக்கணக்கான கருவிகளின் விவரங்கள் அடங்கியுள்ளன. புதிய கருவியொன்று செருகப்பட்டவுடன் லினக்ஸின் கருவி மேற்பார்வைப் பகுதி இம்மென்பொருளை அழைக்கும். அஃது எண்களை நோக்கித் தன் ஏட்டிலே தேடிச் செய்தியை அனுப்பும். கருவி ஒரு கணம் இணைப்பினின்றும் விலகிப் புதிய எண்ணோடு மீண்டும் தோன்றும். இவை யாவும் சில நொடிகளில் நிகழ்ந்துவிடும்.

உபுண்டு, டெபியன், பெடோரா முதலிய வழங்கல்கள் யாவற்றிலும் இம்மென்பொருள் கிடைக்கின்றது. ஆயின் அது கணினியில் நிறுவப்படாதிருந்தால் ஓர் இடர்ப்பாடு எழும். இணையம் பெற மென்பொருள் வேண்டும். மென்பொருள் பெற இணையம் வேண்டும். நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்குவேன் என்பவன் நிலை போன்றது இது. இதற்கு மூன்று வழிகள் உள. வேறொரு கணினியில் மென்பொருட் பொதியையும் தரவுப் பொதியையும் இறக்கிச் சேமிப்புக் குச்சியொன்றிற் கொணர்தல் ஒன்று. கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. வடத்தால் இணைத்து அதன் இணையத்தைச் சிறிது நேரம் கடன் கொள்ளல் மற்றொன்று. திரையிலே தோன்றும் குறுந்தட்டுச் சின்னத்தை வெளியேற்றிப் பார்த்தல் மூன்றாவது. மூன்றாவது எல்லாக் கருவிகளுக்கும் பயன்படாது. எனினும் செலவற்றதாதலின் முதலிற் செய்து பார்த்தற்குரியது.

1981 ஆம் ஆண்டின் மொழி

வேடம் களைந்த மோடெத்துக்கு ஒப்ஷன் என்னும் இயக்கி அமர்த்தப்படுகின்றது. பெல்ஜிய நாட்டின் ஒப்ஷன் நிறுவனத்துக் கருவிகளுக்கென முதலில் எழுதப்பட்டமையால் அதற்கு அப்பெயர் வந்தது. பின்னர் பிற நிறுவனங்களின் கருவிகள் பலவும் அதனுட் சேர்க்கப்பட்டன. அவ்வியக்கி மோடெத்துக்குச் சில தொடர்வாயில்களைத் திறக்கின்றது. அவை ரீ.ரீ.வை.யூ.எஸ்.பி. 0, 1, 2 என எண்ணிடப்படும். பொதுவாக ஒன்று இணைப்புக்கும், ஏனையவை நிலையறிதற்கும் சோதனைக்கும் உரியன.

இவ்வாயில்களிற் பேசப்படும் மொழி வியப்புக்குரியது. 1981 ஆம் ஆண்டில் டெனிஸ் ஹேஸ் என்னும் அமெரிக்கரின் நிறுவனம் தொலைபேசிக் கம்பியில் இணையும் மோடெம் ஒன்றை வெளியிட்டது. அதன் வேகம் செக்கனுக்கு 300 பிற். அதற்குக் கட்டளையிடுவோர் ஏ, ரீ என்னும் ஈரெழுத்துக்களை முன்னே இடுதல் வேண்டும். கவனிக்க எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே அது. ஈ 1550 செக்கனுக்கு 3.6 மெகாபிற் வரை பெறவல்லது. அஃதாவது முன்னையதினும் 12,000 மடங்கு. கம்பி போயிற்று, கோபுரம் வந்தது. ஆயினும் கட்டளை இன்றும் ஏரீ என்றே தொடங்குகின்றது. கைத்தொலைபேசி முறைக்கு வேண்டிய புதிய சொற்கள் அப்பழைய மொழியிற் சேர்க்கப்பட்டன, மொழி மாற்றப்படவில்லை.

இம்மொழியிற் சில தொடர்களை அறிதல் பயன்தரும். ஏரீ என்று மட்டும் அனுப்பினால் மோடெம் ‘ஓகே’ என விடை தரும். அது விழித்திருக்கின்றது என்பதற்கு இதுவே சான்று. ஏரீ+சீபின்? என வினவினால் சிம் அட்டை ஆயத்தமா, இரகசிய எண் வேண்டுமா என்பது தெரியவரும். இரகசிய எண்ணை மூன்று முறை பிழையாக இட்டால் அட்டை பூட்டப்படும். ஆதலின் ஊகித்து இடுதல் ஆகாது. ஏரீ+சீஎஸ்கியூ என்னும் கட்டளை அலையின் வலிமையைக் கூறும். விடை 0 முதல் 31 வரை அமையும். 31 மிக வலியது. பத்துக்குக் குறைந்தால் இணைப்பு நலியும். 99 எனின் வலிமை அறியப்படவில்லை என்பது பொருள். ஈற்றில், இணையத்தை வேண்டி மோடெம் அழைக்கும் எண் பெரும்பாலும் *99# என்பதாம்.

இக்கட்டளைகளைக் கையால் இடவேண்டிய தேவை இன்று அரிது. மோடெம் மேலாளன் என்னும் மென்பொருள் வாயில்களைச் சோதித்து இவற்றைத் தானே அனுப்புகின்றது. வலையமைப்பு மேலாளன் என்னும் மற்றொரு மென்பொருள் இணைப்பை ஏற்படுத்துகின்றது. பாவிப்பவர் செய்யவேண்டுவது, புதிய கைத்தொலைபேசி அகலப்பட்டை இணைப்பொன்றை அமைத்து, நாட்டையும் நிறுவனத்தையும் தெரிந்து, ஏ.பி.என். எனப்படும் நுழைவிடப் பெயரைச் சரியாக எழுதுதலே. இப்பெயர் சேவை வழங்குவோர் தருவது. அதில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் மோடெம் கோபுரத்தோடு இணைந்தும் இணையம் வாராது நிற்கும்.

குறை தேடும் முறை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். இணைப்பு என்பது ஒரே செயலன்று. படிகள் பல கொண்ட ஏணி. மின் பெறுதல், எண் கூறுதல், வேடம் களைதல், இயக்கி அமர்தல், சிம் அட்டை திறத்தல், கோபுரத்தோடு இணைதல், இணைய முகவரி பெறுதல் என்பன அதன் படிகள். எப்படியில் ஏற்றம் நின்றது எனக் காண்பவர்க்குக் குறை தானே வெளிப்படும். அதனைக் காணாது மென்பொருள்களை மாறிமாறி நிறுவுபவர், நோயை அறியாது மருந்து கொடுப்பவரை ஒப்பர்.

மோடெத்தின் எண் வரிசையில் அறவே தோன்றாவிடின், அல்லது தோன்றித் தோன்றி மறையின், மின்சாரத்தை ஐயுறல் வேண்டும். யூ.எஸ்.பி. இரண்டாம் பதிப்பின்படி ஒரு வாயில் கருவிக்கு வழங்கும் மின்னோட்டம் 500 மில்லியம்பியர் மட்டுமே. நீண்ட வடமோ, தனி மின்னிணைப்பில்லாத பகிர்பெட்டியோ இடையில் இருந்தால் அஃது இன்னும் குறையும். கணினியின் வாயிலில் நேரே செருகிப் பார்த்தல் தக்கது.

எண் தோன்றியும் மாறாவிடின், வேடங்களையும் மென்பொருள் இல்லை அல்லது அதன் தரவு பழையது எனக் கொள்ளலாம். எண் மாறியும் வாயில்கள் தோன்றாவிடின் இயக்கியையே நோக்கவேண்டும். டி, எம், ஈ, எஸ், ஜீ என்னும் எழுத்துக்களாலான கட்டளை, கேர்னல் எழுதிவைத்த குறிப்புக்களை வரிசையாகக் காட்டும். கருவி எப்போது வந்தது, எவ்வியக்கி அதனை ஏற்றது, எப்போது விலகியது என்பன யாவும் அங்கே காணப்படும்.

வாயில்கள் தோன்றியும் திறக்க மறுப்பின் இரு காரணங்கள் கூறலாம். டெபியன் வழிவந்த வழங்கல்களிலே தொடர்வாயிலைத் திறக்கும் உரிமை டயலவுட் என்னும் குழுவைச் சேர்ந்தவர்க்கே உண்டு; பாவிப்பவர் பெயர் அக்குழுவிற் சேர்க்கப்படல் வேண்டும். இரண்டாவது, மோடெம் மேலாளன் வாயிலைப் பற்றியிருக்கும்போதே வேறொரு பழைய அழைப்பு மென்பொருளும் அதனைத் திறக்க முயல்வதாம். ஒரே வாயிலில் இருவர் பேசின் மோடெம் இருவர்க்கும் விடை கூறமாட்டாது. ஒன்றை நிறுத்திவிடல் வேண்டும்.

இணைப்புக் கிடைத்தும் இணையத் தளங்கள் திறவாவிடின், பெயரை முகவரியெண்ணாக மாற்றும் டி.என்.எஸ். சேவையிற் குறை இருத்தல் கூடும். எண்முகவரி விடை தர, பெயர்முகவரி விடை தராதாயின் இது உறுதியாகும்.

இவை யாவும் சரியாயிருந்தும் கோபுரம் ஏற்காத நிலை ஒன்றுண்டு. சில மோடெங்கள் அவற்றை விற்ற நிறுவனத்தின் சிம் அட்டையை மட்டுமே ஏற்குமாறு பூட்டப்பட்டவை. வேறு சில மூன்றாந் தலைமுறை அலைகளுக்கென்றே ஆக்கப்பட்டவை. ஜெர்மனியில் 2021 இலும், ஐக்கிய அமெரிக்காவில் 2022 இலும் அவ்வலைச் சேவையைப் பெரிய நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. அத்தகைய இடங்களிலே பழைய மோடெத்தை லினக்ஸ் முற்றாக அறிந்துகொண்டாலும், பேசுதற்குரிய அலை வானில் இல்லை. ஆகவே பழைய கருவியொன்றில் உழைப்பைச் செலவிடுமுன் அவ்வூரில் அதற்குரிய சேவை உண்டா என அறிதல் முதற்கடனாகும்.

நான்காந் தலைமுறை மோடெங்களுட் பல இவ்விடர்களிற் பலவற்றை வேறு விதமாகத் தீர்த்துள்ளன. அவை தம்முள்ளே ஒரு சிறு வழிப்படுத்தியைக் கொண்டு, கணினிக்கு வலையட்டையாகத் தோன்றுகின்றன. அவற்றோடு ஏரீ மொழியிற் பேசவேண்டுவதில்லை. நுழைவிடப் பெயரை உலாவியினூடாகவே எழுதலாம். ஆனால் இவற்றுட் பலவும் முதலிற் குறுந்தட்டு வேடத்தோடே வருகின்றன. ஹூவாவே ஈ 3372 என்பது 1எப்01 என்னும் பொருளெண்ணோடு வந்து, 14டிசீ என்னும் எண்ணுக்கு மாறுகின்றது. ஆகவே இரு முகங்களின் கதை இன்னும் முடிந்திலது.

முடிவுரை

செய்தவர் தம் கருவிக்குரிய 31 பைற்றை ஒரு தாளில் எழுதி வெளியிட்டிருந்தால் இத்தனை உழைப்பும் வேண்டியிராது. அவர் வெளியிடாதொழிந்ததைச் சிலர் பொறுமையோடு கேட்டறிந்தனர்; அறிந்ததைத் தமக்கென வையாது பொது ஏட்டில் எழுதினர். ஒருவர் தம் மோடெத்துக்கெனக் கண்ட விடை, அதே மோடெத்தை வேறொரு நாட்டிலே செருகும் மாணவனுக்கு, அவன் அறியாமலே, சில நொடிகளில் உதவுகின்றது. புதிய எண்ணோடு கூடிய மோடெம் ஒன்றைக் கண்டு அதன் விவரத்தை அவ்வேட்டுக்கு அனுப்புபவர் யாராயினும், பின்வரும் பலருக்கு அவ்வுதவியைச் செய்தவராவர். கருவி பழுதெனக் கைவிடுமுன் அஃது எம்முகத்தோடு நிற்கின்றது என ஒரு கட்டளையால் வினவிப் பார்த்தலே அதற்கு முதற்படியாகும்.